காஞ்சனபுரி போகிறீர்களா? பாலத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி இது: “அடுத்த மாதம் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம், ஐந்து நாள். நடுவில் ஒரு நாள் ஒதுக்கி குவாய் நதிப் பாலத்தையும் போர்க் கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாமா? அப்பாவின் பெரியப்பா மலாயா தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அவரைப் பற்றி அங்கே ஏதாவது தெரியவருமா? பன்னிரண்டு வயதுப் பையனும் வயதான அம்மாவும் கூட வருகிறார்கள்.”

முதலில் நாள் கணக்கு. ஒரு நாள் போதாது. இரண்டு பகல், நடுவில் ஒரு ராத்திரி அந்தப் பாலமும் கல்லறையும் இருக்கும் காஞ்சனபுரியில் தங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் பாங்காக்குக்கு மூன்று நாள் மிஞ்சும், அது தாராளம்.

நான் முதல் தடவை போனது ஒருநாள் டூரில்தான். காலை ஆறு மணிக்கு வேன். மிதக்கும் சந்தையில் இரண்டு மணி நேரம், பாலத்தில் முக்கால் மணி, கல்லறையில் பதினைந்து நிமிடம். வழிகாட்டி கையில் கொடி பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றுவிட்டார். சாயங்காலம் பாங்காக்கில் இறங்கும்போது என் கையில் இருந்தது பாலம் படம் போட்ட ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம். நம் மொழி பேசியவர்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போன மண்ணில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்பது ஊர் திரும்பிப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்த வெட்கத்தில் அப்புறம் இரண்டு முறை போனேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு பயணங்களில் கற்றது.

போவதற்கு முன்னால் பையனுக்கும் சொல்லிவைக்க வேண்டிய கதை கொஞ்சம் இருக்கிறது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துவிட்டது. அங்கிருக்கும் படைக்கு அரிசியும் குண்டும் போக வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கப்பலில் அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் அடிக்கின்றன. அதனால் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை, காட்டையும் மலையையும் வெட்டிக்கொண்டு 415 கிலோமீட்டருக்கு மீட்டர்கேஜ் பாதை. 1942 நடுவில் வேலையைத் தொடங்கி, இரண்டு முனையிலிருந்தும் போட்டுக்கொண்டே வந்து, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தா பக்கத்தில் தண்டவாளத்தைச் சேர்த்துவிட்டார்கள். புல்டோசர் கிடையாது. கடப்பாரை, சம்மட்டி, மூங்கில் கூடை, அப்புறம் மனிதர்கள்.

அந்த மனிதர்கள் இரண்டு வகை. ஒன்று, சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளும் கொஞ்சம் அமெரிக்கர்களும். அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். இன்னொன்று, ஜப்பானியர் ‘ரொமுஷா’ என்று அழைத்த ஆசியக் கூலிகள். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று இரண்டு லட்சம் பேர் அளவுக்கு. இவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் எழுபதாயிரம் என்பவரும் உண்டு, தொண்ணூறாயிரம் என்பவரும் உண்டு, லட்சத்தைத் தாண்டும் என்பவரும் உண்டு. ஒரு பக்கம் ஆளை ஆளாக எண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு பக்கம் பத்தாயிரக் கணக்கில் ஏறி இறங்குகிறது. காஞ்சனபுரியில் நீங்கள் எதைப் பார்த்தாலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இல்லாவிட்டால் அழகான ஆறு, அழகான பாலம், அழகான புல்வெளி என்று போய்விடும்.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல் போனார்கள், அதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர். போர் வந்ததும் ரப்பருக்குச் சந்தை போய்விட்டது, தோட்டங்கள் படுத்துவிட்டன, அரிசி இல்லை. ‘மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு’ என்று ஆள் சேர்த்தபோது சிலர் தாமாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி வந்ததும் யாரும் போகவில்லை. அதன்பின் ஆள்பிடிதான். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். கூட்ஸ் வண்டியில் அடைத்து நாள் கணக்கில் பயணம், பான் போங்கில் இறக்கம், அங்கிருந்து காட்டுக்குள் நடை. மனைவி பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளின் முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கக்கூஸ் இந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்று கட்டளை போட ஆள் இருந்தது. பட்டாளம் தோற்றாலும் பட்டாளம்தான். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மேலே ஒரு கங்காணி இருந்திருப்பார், அவரும் அதே காய்ச்சலில் கிடந்திருப்பார். முகாம் முகாமாகச் செத்தார்கள். பெயர் எழுதிவைக்க எவரும் இல்லை.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ‘ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஒரு உயிர்’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கும், கணக்கு உதைக்கும். 415 கிலோமீட்டருக்குக் கட்டை பல லட்சம் வேண்டும். உண்மையான எண்ணிக்கையே போதுமான அளவுக்குக் கொடுமையாக இருக்கும்போது எதற்கு இந்த அலங்காரம்?

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? எல்லாரும் பாலத்தில் தொடங்குவார்கள். நீங்கள் கல்லறையில் தொடங்குங்கள். ஊருக்கு நடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கட்டணம் இல்லை. 6,982 பேர். காமன்வெல்த் வீரர்கள் ஐயாயிரத்துச் சொச்சம், மிச்சம் டச்சுக்காரர்கள். அமெரிக்கர்களின் உடல்களை அவர்கள் நாட்டுக்கே எடுத்துப்போய்விட்டார்கள். ஐரோப்பாவில் போல நின்ற கல் இங்கே இல்லை. முழங்காலுக்கும் கீழே சாய்வான சின்னப் பீடம், அதன்மேல் வெண்கலத் தகடு, பக்கத்தில் ஒரு பூச்செடி. வாசிக்க வேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, செத்த தேதி, வயது. கீழே குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. அம்மாவோ மனைவியோ நாலு சொல்லுக்குள் அடக்கியிருப்பார்கள். வயதைப் பார்த்துக்கொண்டே ஒரு வரிசை முழுக்க நடங்கள். 22, 24, 21, 29. தேதியையும் பாருங்கள். 1943 மே, ஜூன், ஜூலை என்று நிறைய வரும். அதுதான் காலரா, அதுதான் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று ஜப்பானியர் வேலையை விரட்டிய மாதங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்கு அந்தத் தகடுகளே சொல்லிவிடும். நீக்கே என்ற முகாம் பக்கம் காலராவில் செத்து எரிக்கப்பட்டவர்கள் 300 பேர். அவர்கள் சாம்பல் மட்டும் இரண்டே குழிகளில் இருக்கிறது.

வாசல் மண்டபத்துச் சுவரில் இன்னொரு விவரம் உண்டு, பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தாய்லாந்தில் வேறு இடங்களில் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, அங்கே பராமரிக்க முடியாமல் போன இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்கள். அவ்வளவுதான் அந்த வளாகத்தில் நம் பக்கத்துப் பெயர்கள்.

தமிழ்க் கூலிகள் ஏன் அங்கே இல்லை என்று பையன் கேட்பான், கேட்க வேண்டும். பதில் நேரானது. அந்தக் கல்லறையைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். படையில் பணியாற்றியவர்களுக்குத்தான் அதன் பொறுப்பு. தோட்டக் கூலி படையாள் அல்ல. அதோடு, போர் முடிந்ததுமே 1945 செப்டம்பரில் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய், முகாம்களில் கைதிகள் ஒளித்துவைத்திருந்த பதிவுகளையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடையாளம் வைத்தது. கைதிகளின் குழிகளை மட்டும்தான். பக்கத்து முகாமில் கிடந்தவர்களைத் தேட அதற்கு உத்தரவும் இல்லை, தேடினால் ஒத்துப்பார்க்கப் பட்டியலும் இல்லை. அவர்களைக் காடு மூடிவிட்டது. 1990-ல் காஞ்சனபுரி ஊருக்குள்ளேயே ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன.

கல்லறையை விட்டு வெளியே வந்ததும் எதிரே இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்வே மையத்துக்குள் போய்விடுங்கள். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் ஆண்டுக்கணக்கில் காட்டில் நடந்து பாதையைத் தடம் பிடித்துத் தொடங்கியது, 2003-ல் திறந்தது. நான் பார்த்த போர் அருங்காட்சியகங்களில் இதைப்போல நிதானமாகப் பேசுவது குறைவு. யாரையும் அரக்கனாகவும் காட்டாது, யாரையும் தியாகியாகவும் பூசாது. எத்தனை கன மீட்டர் மண், எத்தனை முகாம், எதனால் சாவு என்று காட்டும். ஆசியக் கூலிகளுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். மாடியில் காபி கொடுப்பார்கள், ஜன்னல் வழியே கல்லறை முழுவதும் தெரியும். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் இன்னொரு சுற்று வரலாம்.

ஆற்றங்கரையில் வாட் சாய்சும்போன் என்ற கோயிலின் உள்ளே மூங்கில் கொட்டகையில் ஜீத் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977-ல் அந்தக் கோயிலின் தலைமைப் பிக்கு தொடங்கியது. கைதிகளின் குடிசை எப்படி இருந்ததோ அப்படியே கட்டியிருக்கிறார்கள். பழசாகி, தூசி படிந்து இருக்கும், நேரமிருந்தால் போங்கள். நான் அதைச் சொல்வதே அதன் பெயருக்காக. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா-ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. பர்மாவுக்கு எழுத்து இல்லை, மலாயாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை, ஜாவாவுக்கு இல்லை. கெட்ட எண்ணத்தில் விட்டதாக நான் நினைக்கவில்லை. யார் நினைவுக்கு வந்தார்களோ அவர்களுடைய எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். அதிகம் செத்தவர்கள் நினைவுக்கே வரவில்லை.

இப்போது உங்கள் பெரிய தாத்தாவுக்கு வருகிறேன். போர்க் கல்லறையைத் தாண்டினால் சீனர் இடுகாடு, அதையொட்டி வியட்நாமிய முறையில் கட்டிய புத்த கோயில், பெயர் வாட் தாவோன் வராராம். டூர் வேன்கள் அங்கே நிற்காது. உள்ளே ஒரு தூபி இருக்கிறது. போருக்குப் பின்னால் குழிகளிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான கூலிகளின் எலும்புகளை அதன் அடியில்தான் சேர்த்து வைத்தார்கள். பெயர்கள் கிடையாது. அதே வளாகத்தில் 2023-ல் மலேசியத் தமிழர்கள் முன்னின்று ஒரு நடுகல் நட்டார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் சங்க காலத்துப் பழக்கம். சம்மட்டி பிடித்துச் செத்தவனுக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குடும்பம் கும்பிட வேண்டிய இடம் என்று ஒன்று அந்த ஊரில் இருந்தால் இதுதான். காலைச் சந்தையில் மல்லிகை கோத்த மாலை விற்பார்கள். தாய் மொழியில் ‘புவாங் மாலாய்’ என்று பெயர், காதில் விழும்போது நம்ம மாலைதான். ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை, மண்டபத்துக்குள் செருப்பு கூடாது.

பெரிய தாத்தாவின் பெயர் எங்காவது கிடைக்குமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரயில்வே மையத்தில் கைதிகளைப் பற்றித் தேடித் தருவார்கள், அவர்களுக்கு ஆவணம் உண்டு. கூலிகளுக்குப் பெயர்வாரிப் பட்டியல் என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் தகவல் வேறு எங்கும் இல்லை. போவதற்கு முன்னால் அம்மாவிடமும் அவர் வயதுக்காரர்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார், கூடப் போனவர்கள் யார், அவர்களில் திரும்பி வந்தவர் யார், கங்காணி எந்த ஊர்க்காரர். தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது கவனம். மலாயாத் தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், நம்மவர்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடினாலும், மலேசியாவில் இந்த வரலாற்றைச் சேகரிப்பவர்களிடம் கேட்டாலும், முதல் கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்றுதான் வரும்.

இரண்டாம் நாள் ரயிலும் மலையும். காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற ஊர் வரை இன்றும் அதே பாதையில் சாதாரண பாசஞ்சர் ஓடுகிறது. அதற்கப்பால் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் மேலே பாதையின் ஒரு பகுதி அணையின் நீருக்குள் போய்விட்டது. பாங்காக்கிலிருந்தே ரயிலில் வர ஆசை என்றால் தோன்புரி நிலையத்தில் ஏற வேண்டும், காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. அவசரமென்றால் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து மினி வேன், இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயிலில் மூன்றாம் வகுப்புதான், ஏசி இல்லை, மின்விசிறியும் திறந்த ஜன்னலும். நாம் தோக் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். ‘தாம் கிராசே’ என்ற இடம் வந்ததும் ரயில் நடக்கிற வேகத்துக்கு இறங்கும். வலப்பக்கம் கையை நீட்டினால் பாறை, இடப்பக்கம் எட்டிப்பார்த்தால் மரத்தூண்கள் மேல் நீங்கள், கீழே ‘குவாய் நோய்’ என்ற ஆறு. கட்டைகள் முனகும் சத்தம் கேட்கும். பெட்டியில் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வளைவைக் கட்டியவர்கள் எங்கே நின்றுகொண்டு கட்டினார்கள் என்று மட்டும் பையனைக் கேட்டுப் பாருங்கள். நிற்க இடம் இருக்காது.

இந்தப் பாதைக்காக மலையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் காஞ்சனபுரியிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில். நாம் தோக்கில் இறங்கி வாடகை வண்டி பிடிக்கலாம், அல்லது சங்க்லாபுரி போகும் பேருந்தில் ஏறி இடையில் இறங்கலாம். அம்மா இருப்பதால் நாள் முழுக்க ஒரு கார் பேசிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் இருக்கிறது, 1998-ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை, காதில் மாட்டிக் கேட்கும் கருவியும் இலவசம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த கைதிகள் பேசிய குரலே அதில் இருக்கிறது. மலையை வெட்டிய இடத்துக்குப் படிகள் நிறைய. அம்மாவை மையத்திலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள், அங்கிருந்தே பள்ளத்தாக்கு தெரியும்.

கீழே இறங்கியதும் இருபுறமும் பாறைச்சுவர். ஆழமான இடத்தில் இருபத்தைந்து மீட்டர், எட்டு மாடிக் கட்டடம் அளவு. ஒருவன் இரும்பு உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடித்து, அந்தத் துளையில் வெடி வைத்து, சிதறிய கல்லைக் கையால் அள்ளி வெட்டிய மலை அது. ராத்திரியும் வேலை. மூங்கில் பந்தமும் எண்ணெய் விளக்கும் எரிய, எலும்பும் தோலுமான ஆட்களின் நிழல் பாறையில் ஆடியதைப் பார்த்து வைத்த பெயர்தான் நரக நெருப்புக் கணவாய். சுவரைக் கவனித்தால் உளி இறங்கிய வட்டத் தடங்கள் வரிசையாகத் தெரியும். ஓரிடத்தில் உடைந்த உளி பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. பையனின் விரலை அந்தத் தடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியர்களின் நினைவுநாள், விடியலுக்கு முன்பே அங்கே கூடுவார்கள். அந்தச் சமயத்தில் அறை கிடைப்பது கஷ்டம், வெயிலும் தாங்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் நவம்பர் கடைசியில் பாலத்தருகே ஒலி-ஒளித் திருவிழா நடக்கும், குண்டு வெடிப்பதெல்லாம் வாணவேடிக்கையில் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வருமானம், அதையும் குறை சொல்ல முடியாது. சைவம் சாப்பிடுபவர் யாராவது இருந்தால், தாய்லாந்தில் ‘ஜே’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதியிருக்கும். வெறும் ‘காய்கறி’ என்று கேட்டால் மீன் சாஸ் ஊற்றிய காய்கறி வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இரண்டாம் நாள் மாலை, பாலத்துக்குப் போங்கள். ஒரு விஷயத்துக்குச் சிரிக்கலாம். 1957-ல் வந்த ஆங்கிலப் படம் இந்தப் பாலத்தை உலகப் புகழாக்கியது. அந்தப் படத்தை எடுத்தது இங்கே அல்ல, இலங்கையில் கித்துல்கலவில். அதற்கும் மேலே, பாலத்தின் கீழே ஓடும் ஆற்றுக்கு அன்று குவாய் என்று பெயரே இல்லை, அது மே க்லோங். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் குவாய் நதி எங்கே, பாலம் எங்கே என்று கேட்டு நச்சரிக்கவே, 1960 வாக்கில் அந்தப் பகுதி ஆற்றுக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பாலம் மட்டும் அசல். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து பூட்டியவை. நடுவில் வளைவில்லாமல் நேர்கோடாக இருக்கும் இரண்டு கண்கள் குண்டுவீச்சில் விழுந்த இடத்தில் போருக்குப் பின் மாட்டியவை. பாலத்தில் நடக்கலாம். ரயில் வந்தால் ஓரத்தில் ஒதுங்க மேடைகள் உண்டு, மெதுவாகத்தான் வரும். தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்கள் இருப்பார்கள். பையனைத் திட்ட வேண்டாம், இரண்டு நாள் பார்த்தபின் அவனுக்கே படுக்கத் தோன்றாது.

இதே ரயிலை வேறு ஊரில் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது டோக்கியோ போனால், போரில் செத்த ஜப்பானியப் படையினரைக் கும்பிடும் யசுகுனி கோயிலை ஒட்டிய யூஷூகான் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். முகப்புக் கூடத்திலேயே பளபளவென்று ஒரு கருப்பு நீராவி எஞ்சின் நிற்கும். இந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது அது. காஞ்சனபுரியைப் பார்த்துவிட்டு அதன் முன்னால் நின்றால் வயிற்றை என்னவோ செய்யும்.

ஆனால் ஜப்பானியரிலும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. பாலத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஆற்றுப்பக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன நினைவுத்தூண் இருக்கிறது. 1944-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வேலை வாங்கிய அதே ஜப்பானியப் படைப்பிரிவு செத்தவர்களுக்காகக் கட்டியது. குற்ற உணர்ச்சியா, ஆவிகளுக்குப் பயமா, வெறும் சம்பிரதாயமா, என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சுற்றிலும் பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அதில் ஒன்று தமிழ். அந்த ஊரில் அந்தக் காலத்தில், செத்தவர்கள் தமிழ் பேசியவர்கள் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே கல் எனக்குத் தெரிந்து அதுதான், அதையும் கொன்றவர்களே வைத்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எழுத்து மங்கியிருக்கும். வெயில் சாய்வாக விழும் நாலு, நாலரை மணிக்குப் போனால் வாசிக்கலாம்.